இலண்டன் – பாரிஸ் வான்வழி

இலண்டன் – பாரிஸ் வான்வழி என்பது ஐக்கிய இராச்சியம், பிரான்சு ஆகிய இரு நாடுகளின் தலைநகரங்களை இணைக்கும் வானூர்திப் பாதை ஆகும். இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 344 கிலோமீட்டர். இத்தொலைவைக் கடக்க ஆகும் நேரம் கடந்த நூறாண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. வானூர்திகளின் வேகத்துடன் தரையில் செய்யப்பட்ட ஏற்பாடுகளும் அதற்குக் காரணமாகும்.

தொடக்கம்

1919 ஆகஸ்ட் 25 அன்று ஏர்கிராஃப்ட் டிரான்ஸ்போர்ட் அண்ட் டிராவல் என்ற பிரித்தானிய நிறுவனம் இப்பாதையில் நாள்தோறும் இயங்கும் சேவையைத் தொடங்கியது. இன்றைய ஹீத்ரோ வானூர்தி நிலையத்துக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து புறப்பட்ட வானூர்தி, பாரிசுக்கு அருகிலுள்ள லு பூர்ஜேயை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அடைந்தது. முதல் உலகப் போரில் பயன்பட்ட குண்டுவீச்சு வானூர்தியை மாற்றி அமைத்த டி ஹாவிலண்ட் டி.எச்.4ஏ வகை அது. அதில் சென்ற பயணி ஒருவரே. அவர் ஒரு செய்தியாளர். 1920 முதல் கிராய்டன் இலண்டனின் வானூர்தி நிலையமாயிற்று.

1922 விபத்தும் விதிகளும்

அக்கால வானோடிகள் கீழே தெரியும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் பார்த்தே வழி அறிந்தனர். மேகமோ மூடுபனியோ சூழ்ந்தால் மிகத் தாழ்வாகப் பறக்க வேண்டியிருந்தது. 1922 ஏப்ரல் 7 அன்று வடபிரான்சில் இவ்வாறு எதிரெதிரே வந்த ஒரு பிரித்தானிய வானூர்தியும் ஒரு பிரெஞ்சு வானூர்தியும் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 7 பேரும் இறந்தனர். பயணிகள் வானூர்திகள் நடுவானில் மோதிய முதல் விபத்து இதுவே. இதன்பின், வழிகாட்டும் சாலைக்கு வலப்புறமாகவே பறக்க வேண்டும் என்ற விதி வலியுறுத்தப்பட்டது. வானொலித் தொடர்பின் தேவையும் உணரப்பட்டது.

ஆபத்தில் சிக்கிய வானோடிகள் இன்றும் எழுப்பும் 'மேடே' என்ற அழைப்பும் 1920களில் கிராய்டனில் உருவானதே. 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியைத் தழுவியது அது. கிராய்டனுக்கும் லு பூர்ஜேக்கும் இடையே போக்குவரத்து மிகுந்திருந்ததால், இரு மொழியினருக்கும் எளிதில் புரியும் சொல் தேவைப்பட்டது.

57 நிமிடங்கள்

1950 ஜூலை 29 அன்று விக்கர்ஸ் வைக்கவுண்ட் வானூர்தி இலண்டனின் நார்த்தோல்ட்டிலிருந்து லு பூர்ஜேக்கு 57 நிமிடங்களில் பறந்தது. டர்போபிராப் பொறி கொண்ட வானூர்தி கட்டணப் பயணிகளுடன் பறந்த முதல் அட்டவணைச் சேவை இதுவாகும்.

பறக்கும் நேரமும் பயண நேரமும்

இன்று வானில் இருக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவே. ஆயினும் கால அட்டவணைகள் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் காட்டுகின்றன. நிறுத்துமிடத்திலிருந்து வானூர்தி நகரத் தொடங்குவது முதல், மறுமுனையில் நிற்பது வரை உள்ள நேரமே அட்டவணையில் கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்குச் செல்வதும் முறைக்காகக் காத்திருப்பதும் அதில் அடங்கும். நிலையத்துக்குச் செல்லும் நேரமும் பாதுகாப்புச் சோதனைக்கான நேரமும் அதில் சேர்வதில்லை.

1994 இல் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் திறக்கப்பட்டு யூரோஸ்டார் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது இந்த வேறுபாடு முக்கியத்துவம் பெற்றது. தொடர்வண்டிப் பாதையின் நீளம் ஏறத்தாழ 492 கிலோமீட்டர், வான்வழியைவிட மிகுதி. ஆனால் அது ஒரு நகரின் நடுவிலிருந்து மற்றொரு நகரின் நடுவுக்குச் செல்கிறது. தொடக்கத்தில் 3 மணி நேரமாக இருந்த பயணம், பிரித்தானியப் பகுதியின் அதிவேகப் பாதை 2007 இல் நிறைவடைந்தபின் ஏறத்தாழ இரண்டேகால் மணியாகக் குறைந்தது. இதனால் வானூர்தியில் சென்றவர்களில் பெரும்பாலோர் தொடர்வண்டிக்கு மாறினர்.