உப்பும் வெயிலும் காத்த உணவு

துல்ஹஜ் பிறை 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களையும் ‘அய்யாமுத் தஷ்ரீக்’ என வழங்குகின்றோம். தக்பீர் முழங்கும் அந்நாட்களுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என ஆராய்ந்த அரபு மொழி வல்லுநர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்கின்றது. குர்பானி இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து வெயிலில் உலர்த்துவதற்குத் தஷ்ரீக் என்று பெயராம். அவ்வாறு உலர்ந்த இறைச்சியை அரபு மக்கள் ‘கதீத்’ என்றனர். நம் தாய்மார்கள் உப்புக்கண்டம் என்கின்றனர். மினாவின் வெயிலும் கோட்டைப்பட்டினத்து வெயிலும் செய்த வேலை ஒன்றே.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில், சிறு வருவாயில், உடலுக்கு ஊறு செய்யாத உணவை உண்பது எவ்வாறு என இன்று கேட்கப்படுகின்றது. நம் இல்லங்களுக்குள் குளிர்பெட்டி புகுந்து சில பத்தாண்டுகளே ஆயின. அதற்கு முந்திய தலைமுறைகள் யாவும் இக்கேள்விக்கு விடை கண்டே வாழ்ந்தன. புதுக்கோட்டைச் சீமை கண்ட விடையில் அடுக்களையின் பங்கும் உண்டு. அரசியலின் பங்கும் உண்டு.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடல் இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய பாக் நீரிணைக் கரையூர்கள் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டத்தில் இருந்தன. சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்துள் அடங்கியது. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதியும் வந்து சேர, உள்நாடும் கடற்கரையும் ஒரே ஆட்சி எல்லைக்குள் வந்தன. ஆயினும் அவ்விரண்டையும் அதற்கு நெடுநாள் முன்னரே இணைத்து வைத்தது கருவாடு. கரையில் மலிவாகக் கிடைக்கும் காரலும் நெத்திலியும் வாளையும் உலர்ந்து உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றன. மழை பொய்த்துக் கண்மாய் வறளும் ஊர்களில், வரகுச் சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் புரதத் துணையாக நின்றவை அந்தக் கருவாடும் கொல்லைப்புறத்துக் கொள்ளுமே.

இவ்வளவிற்கும் அடிப்படை உப்பு. அந்த உப்பின் மீதே அரசின் கை வீழ்ந்தது. சமஸ்தானத்தில் உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சும் தொழில் பரவலாக நடைபெற்று வந்தது. தம் உப்பு வருவாய்க்கு அது குந்தகம் எனக் கருதிய ஆங்கிலேயர், 1887-இல் உடன்படிக்கை செய்து அத்தொழிலை நிறுத்துவித்தனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் அளிக்க இசைந்தனர். பணம் சென்றது அரண்மனைக் கருவூலத்திற்கு. அடுப்படியில் நின்றவளோ வரி ஏறிய உப்பை விலை கொடுத்து வாங்கினாள். கடற்கரையிலும் இதே நிலைதான். உப்பு வரியால் மீன் உப்பிடும் தொழில் நலிவுறுவதை மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். பின்னர்ச் சென்னை மாகாணக் கரையில் வரியில்லா உப்பு வழங்கும் மீன் உப்பிடும் கூடங்கள் தோன்றின. 1930-இல் இதே கடற்கரைக்கு வடகிழக்கேயுள்ள வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பு அள்ளியதையும், 1947-இல் உப்பு வரி ஒழிந்ததையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அப்போராட்டம் ஏழை வீட்டின் இறைச்சியையும் மீனையும் காக்கும் பொருளுக்கான போராட்டமாகவும் இருந்தது என்பதை மட்டும் பாடநூல்கள் சொல்வதில்லை.

இனி அடுக்களைக்குள் வருவோம். கொழுப்பு நீக்கிய இறைச்சியை நீளவாக்கில் மெல்லிதாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கோணி ஊசியால் நூலில் கோத்து, மொட்டை மாடியில் கொடியாகக் கட்டுவர். மேலே மெல்லிய துணி. காக்கைக்குக் காவலாக ஒரு சிறுபிள்ளை. உப்பு நீரை இழுக்கின்றது. வெயில் அந்நீரை ஆவியாக்குகின்றது. ஈரமற்ற இடத்தில் கிருமி வாழ்வதில்லை. இப்படி உலர்ந்த கண்டத்தில் ஒரு கைப்பிடி போதும். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த ஒரு சட்டிக் குழம்பு முழுவதும் மணக்கும். சிக்கனம் என்பது இங்கே கறியைக் குறைத்துக் காயைக் கூட்டியதில் இருந்தது. உடல்நலமும் அதிலேயே இருந்தது.

மீந்த சோற்றில் நீரூற்றி மண்கலயத்தில் வைத்தால், இரவு முழுதும் புளித்து, அப்புளிப்பே அதனைக் காலை வரை காத்தது. ஆனால் கோடையில் அதனை உச்சிப்பொழுது வரை வைத்து உண்பதில்லை. பால் தயிராயிற்று, தயிர் மோராயிற்று, வெண்ணெய் நெய்யாயிற்று. முட்டை சில நாள் தாங்கும். கொல்லையில் மேயும் கோழியோ அறுக்கும் நாள் வரை எந்தப் பெட்டியும் வேண்டாதது! முருங்கைக்கீரை அன்றன்று மரத்திலிருந்து வந்தது. அதற்கு விலையும் இல்லை.

ஒன்றை மறைக்கலாகாது. உப்பிட்ட உணவை இன்று அளவறிந்தே உண்ண வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இருமுறை அலசி, குழம்பில் வேறு உப்புச் சேராமல் சமைக்கும் மூத்தோர் வழக்கம் இங்கே பயன்படும். இரத்த அழுத்தமுடையோர் இவற்றைத் தவிர்த்தலே நன்று. செந்நிறம் படர்ந்த கருவாடு எவர்க்கும் ஆகாது.

சேமித்து உண்பதில் நம் முன்னோர்க்கு வழிகாட்டியது நபிவரலாறு. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரைக்குச் சென்ற 300 பேர் கொண்ட படையில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே பேரீச்சம்பழம் என்னும் நிலை வந்தபோது, கடல் ஒரு பெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. அதனைப் பல நாள் உண்டு, எஞ்சியதை உலர்த்தி மதீனாவுக்கும் கொணர்ந்தனர் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அண்ணலார் (ஸல்) அவர்களும் அதில் உண்டார்கள்.

ஆயின் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஓராண்டு குர்பானி வேளையில் பசித்த நாட்டுப்புறத்தார் மதீனாவுக்குத் திரண்டு வந்தனர். குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது என்று அவ்வாண்டு அண்ணலார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். வந்தவர்களின் பொருட்டே அவ்வாறு தடுத்ததாகவும், இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மமும் செய்யலாம் என்றும் பின்னர்த் தெளிவுபடுத்தியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். கொடியில் உலரும் கண்டத்தைத் தெருவே கண்டது. கேட்கக்கூடியவர் கேட்டார், கொடுக்கக்கூடியவர் கொடுத்தார். குளிர்பெட்டியின் கதவுக்குள் இருப்பதை எவர் காண்கின்றார்? குர்பானிப் பங்கு குறைவதற்கும் உறைபெட்டி பெருத்ததற்கும் தொடர்பில்லை என எமக்குத் தோன்றவில்லை.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தாக்கியபோது இம்மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. குளிர்பெட்டிகள் வெறும் அலமாரிகளாயின. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்டு 22-இல் வந்தது. அப்போது கோத்து உலர்த்திய கண்டம், ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை வெயில் கண்டு, ஈரம் புகாத தகரத்தில் மூடி வைக்கப்பட்டிருந்தால், அந்த இருண்ட நாட்களிலும் குழம்புக்கு ஆகியிருக்கும்.