உய்யக்கொண்டான் கரைமேல் ஒரு நடை



புத்தூரில் குடியிருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் பேச்சுவாக்கில், "வீட்டுக்குப் பின்னாடி ஒரு சாக்கடை ஓடுது டீச்சர்" என்றான். அவன் சொன்னது உய்யக்கொண்டானை! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

காவிரியின் தென்கரையில் பேட்டைவாய்த்தலையில் பிரிகிறது இந்த வாய்க்கால். 'வாய்த்தலை' என்றாலே வாய்க்காலின் தலைப்பு என்றுதான் பொருள். அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, திருச்சிக்குள் புகுந்து வெளியேறி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. தலைப்பில் உய்ய, கடைமடையில் வாழ! பெயர் வைத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. உய்யக்கொண்டான் என்பது முதலாம் ராஜராஜனின் (985-1014) பட்டப்பெயர். உய்யக்கொண்டார் வளநாடு என்று ஒரு நாட்டுப் பிரிவே இருந்தது. வாய்க்காலையும் அவன் காலத்தது என்றே சொல்கிறார்கள்.

இதன் சூட்சுமம் சரிவில் இருக்கிறது. ஆறு பள்ளத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டே போகும். வாய்க்காலோ குறைந்த சரிவில், மேட்டைப் பிடித்தபடியே போகும். சில மைல் போனதும் வாய்க்கால் உயரத்தில், ஆறு தாழ்வில். ஆற்றுத் தண்ணீர் தானாக ஏற முடியாத வயலுக்கும் பாய்ச்சல் கிடைத்துவிடும். மோட்டாரும் கரண்டும் இல்லாத காலத்து வேலை இது. ஸ்ரீரங்கத்துச் சொந்தங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. தென்கரைக்காரர்கள் பாடு அப்படியில்லை.

வெட்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டினால் கரை. கரைமேல் ஆள் நடந்தால் பாதை. உடைப்புப் பார்க்கவும், மடை திறக்கவும், தூர் வாரவும் ஊரார் நடந்த பாதை அது. குடிமராமத்து என்று இதற்குப் பெயர். ஊர் வழக்கமாக இருந்ததை வெள்ளைக்காரர்கள் 1858-ல் சட்டமாகவே போட்டார்கள். ஆக, வாய்க்காலுக்கு என்ன வயதோ, பாதைக்கும் அதே வயது.

நடக்க நல்ல இடம் உய்யக்கொண்டான் திருமலை அடிவாரம். மேலே உஜ்ஜீவநாதர் கோயில். மூவரும் பாடிய திருக்கற்குடி இதுதான். 1753-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் திருச்சிக்காக நடந்த போரில் இந்தக் குன்றுக் கோயில் கோட்டையாகப் பயன்பட்டது. ஆங்கிலேயர் வாயில் பெயர் நுழையாமல் 'வெய்கொண்டா' என்று எழுதி வைத்தார்கள்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் புத்தூர். குட்டிகுடி திருவிழாவுக்குப் பெயர்போன குழுமாயி அம்மன் கோயில் அங்கேதான். அருகில் ஆறுகண் மதகு. மதகின் வாயைக் 'கண்' என்பது நம் பக்கத்து வழக்கு. தண்ணீர் வரும் நாட்களில் இந்தப் பக்கம் பேசினால் கேட்காது, அப்படி ஓர் இரைச்சல். தெற்கேயிருந்து காட்டாறாக வரும் கோரையாறு இங்கேதான் குறுக்கிடுகிறது. சாதுவான வாய்க்காலுக்குள் அது புகுந்தால் கரை தாங்காது. மிகுதி நீரைக் குடமுருட்டி வழியாகக் காவிரிக்கே திருப்பி விடுகிறார்கள். 1977 நவம்பர் புயல் மழையில் திருச்சி மூழ்கியதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். காட்டாற்றை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வார்கள்.

புத்தூரைத் தாண்டி நீதிமன்றம், பாலக்கரை என்று போகப் போக மனசு கனத்துவிடும். சில இடங்களில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் வீட்டுக் கழிவும் குப்பையும் நேராகத் தண்ணீரில்தான் விழுகின்றன. கரையையே காணாத இடங்களும் உண்டு. மாணவன் 'சாக்கடை' என்றதில் அவன் தப்பு பாதிதான். அவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். ஆனால் இந்தத் தண்ணீர் நகரத்தோடு முடிவதில்லை. அரியமங்கலம் தாண்டி, திருவெறும்பூர்ப் பக்கத்து வயல்களுக்கு இன்றும் பாய்கிறது. பாலக்கரையில் நாம் போடும் பாலிதீன் பை அங்கே யாரோ ஒருவரின் மடையை அடைக்கிறது. அந்த நெல் நம் தட்டுக்கும் வரலாம்.

மேட்டூரில் ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கம், அணையில் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். இந்த முறை வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் ஞாயிறு, காலை 6 மணிக்குத் திருமலை அடிவாரத்தில் இருப்பேன். புத்தூர் ஆறுகண் வரை மெதுவாக நடக்கலாம். முட்டிவலி எனக்கும் உண்டு. பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். புத்தூர்க்காரன் வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டான்.