இரசாயனப் பிணைப்பும் பதார்த்த இயல்பும்

அணுக்களையும் அயன்களையும் சேர்த்து வைத்திருக்கும் கவர்ச்சியே இரசாயனப் பிணைப்பு. ஒரு பதார்த்தத்தின் உருகுநிலை, கடினத்தன்மை, கரைதிறன், மின்கடத்தும் இயல்பு ஆகியவற்றை அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது.

அயன் பிணைப்பு: வட்டக்கச்சிக்கு வடக்கே ஆனையிறவு உப்பளத்தில் வெயிலில் விளையும் உப்பு, சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் மாறிமாறி அடுக்கப்பட்ட சாலகம். அதை உருக்க 801 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். உப்புக்கல்லை அடித்தால் அடுக்குகள் நகர்ந்து, ஒத்த ஏற்றங்கள் எதிரெதிரே வந்து தள்ளும்; கல் தட்டையாகாமல் பிளக்கும். திண்ம உப்பு மின்னைக் கடத்தாது. நீரில் கரைந்தால் அயன்கள் நகர்வதால் கடத்தும். 1950களில் அரசு நிறுவிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இவ்வியல்பைக் கொண்டே உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் தயாரித்தது. போரினால் 1980களில் அங்கு உற்பத்தி நின்றது.

பங்கீட்டுப் பிணைப்பு: குளோரின் மூலக்கூறில் இரு அணுக்கள் ஓர் இலத்திரன் சோடியைப் பகிர்ந்து வலுவாகப் பிணைந்துள்ளன. மூலக்கூறுகளிடையே கவர்ச்சி மெலிது; எனவே குளோரின் −34 பாகையிலேயே கொதித்து வாயுவாகிறது. போகலச் சுரங்கத்துக் காரீயத்தில் காபன் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் பென்சில் எழுதுகிறது. வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் வேறு நான்குடன் பிணைந்திருப்பதால் அது மிகக் கடினம்.

உலோகப் பிணைப்பு: அசையும் இலத்திரன்கள் அணுக்களைச் சேர்த்து வைக்கின்றன. ஆகவே மண்வெட்டித் தகடு அடித்தால் நெளியும், நொறுங்காது, மின்னையும் கடத்தும்.