யூதத் தெருவின் வட்டெழுத்து

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் யூதத் தெருவுக்கு மூலப்பத்திரம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், செப்புத் தகடுகளைத்தான் காட்டவேண்டும். கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் தன் ஆட்சியின் 38-ஆம் ஆண்டில் யூத வணிகர் தலைவன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த சாசனம் அது. அதன் வாசகம் எபிரேயத்தில் இல்லை. மலையாளம் தனிமொழியாகப் பிரிந்துவந்த காலத்துத் தமிழில், வடசொல்லுக்கு மட்டும் கிரந்தம் சேர்த்து, வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. வணிகனின் பெயரும் நம் வாய்க்கு ஏற்றபடி 'இஸ்ஸுப்பு இறப்பான்' என்று ஆகியிருக்கிறது.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகையில் இருப்பதும் இதே எழுத்துதான். அங்கே தீர்த்தங்கரர் உருவத்தின் அடியில் உள்ள கல்வெட்டு, குரண்டியைச் சேர்ந்த அஷ்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று குருமரபைச் சொல்லி, குயிற்குடி ஊராரின் பேரால் அந்தத் திருமேனி செய்விக்கப்பட்டதாகக் கூறுகிறது. ஊர்ப் பெயர் ஆயிரம் ஆண்டாக மாறாமல் நிற்பது ஒரு வியப்பு என்றால், ஊரார் தங்கள் பேரில் ஒரு சமணத் திருமேனியை ஏற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய செய்தி. மலைமேல் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக நிற்கும் உருவங்களின் கீழும் இப்படிச் சிறுசிறு கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. பகரமும் வகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே படும். ஆனால் ஒரு காலைப்பொழுது அந்தப் பாறையின் முன் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியவருக்கு, கொச்சிச் செப்பேட்டின் படம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

சாசனம் ரப்பானுக்குத் தந்தது 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் தலைமையும் 72 உரிமைகளும். உல்கு என்னும் சுங்கமும், துலாக்கூலி என்னும் எடைக்கூலியும் அவருக்கு இல்லை. பகல்விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் ஆகியவை அவருடைய மரியாதைகள். நடைபாவாடை விரிப்பது தமிழகக் கோயில்களிலும் திருமண வீடுகளிலும் இன்னும் வழக்கில் இருப்பதால், அந்தச் சொல்லுக்கு உரை தேவைப்படாது. அஞ்சுவண்ணம் என்ற பெயர் அதற்கு முன்பே, கி.பி. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வருகிறது. அதில் சாட்சிகள் கூஃபி, பஹ்லவி, எபிரேயம் என மூன்று எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். மிளகு வாங்க வந்தவர்கள் எத்தனை ஊர்க்காரர்கள் என்பதை அந்த ஒப்பங்களே சொல்லும்.

ரப்பானுக்கு இந்த உரிமை தரப்பட்ட இடம் முயிரிக்கோடு, அதாவது பழைய முசிறியை ஒட்டிய கொடுங்கல்லூர்ப் பகுதி. அங்கிருந்து யூதர்கள் கொச்சிக்குக் குடிபெயர்ந்ததற்கு ஆறும் பகையும் காரணம். 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சிக் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது வழிவழிச் செய்தி. மூன்றே ஆண்டில், 1344-இல், கொச்சங்காடியில் யூதர்கள் ஓர் ஆலயம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி ஆலயச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அடுத்து, 16-ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் நடந்த தாக்குதல்களும் போர்த்துக்கீசியரின் பகையும் எஞ்சியிருந்த யூதர்களைக் கொச்சி அரசரிடம் அடைக்கலம் தேட வைத்தன. அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். யூதத் தெரு பிறந்தது அப்படித்தான்.

வழிகாட்டியோடு வருபவர்கள் பெரும்பாலும் அந்த அரண்மனையிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். 1555-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் கட்டி அரசருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் பெற்றுவிட்ட கட்டடம் அது. வளாகத்துக்குள் பழையன்னூர் பகவதி கோயில். கோயிலை ஒட்டினாற்போல் 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம். தமிழில் இன்று பரதேசி என்றால் பிச்சைக்காரர் நினைவுக்கு வருவார். இங்கே அது சொல்லின் நேர்ப்பொருளில், பிற தேசத்திலிருந்து வந்தவரைக் குறிக்கிறது. 1492-இல் ஸ்பெயினும் அடுத்த சில ஆண்டுகளில் போர்ச்சுகலும் யூதர்களை விரட்டியபின் வந்தவர்களும், அலெப்போ, பாக்தாத் பக்கமிருந்து வந்தவர்களும் சேர்ந்து எழுப்பியது இந்த ஆலயம். மலையாளத்தில் இதற்கு 'யூதப்பள்ளி' என்று பெயர். சமணர், பௌத்தர் உறைவிடங்களுக்கு வழங்கிய பள்ளி என்ற சொல்லைக் கேரளத்தில் கிறித்தவர், முஸ்லிம்கள், யூதர்கள் ஆகிய மூவரின் ஆலயங்களும் எடுத்துக்கொண்டன. சமணர் மலையில் இருந்ததும் மாதேவிப் பெரும்பள்ளிதான்.

ஆலயம் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. அதன் வாயிலருகே 1760-இல் எசக்கியேல் ரஹபி கட்டிய மணிக்கூண்டு. அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த ரஹபி, டச்சுக் கம்பெனிக்கு மிளகு கொள்முதலிலும் அரசர்களோடு பேச்சுவார்த்தையிலும் வலக்கையாக இருந்தவர். மணிக்கூண்டின் முகங்களில் எபிரேய, மலையாள, ரோமானிய எண்கள் தனித்தனியே இருக்கின்றன. சந்தில் நிற்பவர் எந்த எழுத்து படித்தவரானாலும் நேரம் தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். உலகின் பெரும்பாலான யூத ஆலயங்களில் இந்த வழக்கம் இல்லை. கேரள யூதர்கள் அண்டை வீட்டாரைப் பார்த்து ஏற்றுக்கொண்டது. காலடியில் குளிர்வது சீனக் காண்டன் நகரிலிருந்து ரஹபி தருவித்த நீலவெள்ளை ஓடுகள். கையால் தீட்டியவை என்பதால், குனிந்து பார்த்தால் ஒரே மரத்தின் கிளை ஓர் ஓட்டில் தடித்தும் அடுத்ததில் மெலிந்தும் ஓடுவது தெரியும். மேலே பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த வாசிப்பு மேடை. பெண்கள் அமரும் மாடத்தை ஒட்டி இன்னொரு வாசிப்பு மேடை இருப்பது கேரள யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. யூத வேதமான தோராவின் சுருளுக்குத் திருவிதாங்கூர் அரசர் 1805-இல் கொடுத்த பொற்கிரீடமும் இங்கே உண்டு.

டச்சுக்காரர்கள் 1662-இல் கொச்சியை முதலில் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியபோது, அவர்களுக்கு யூதர்கள் உதவியதற்காகப் போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடி ஆலயத்துக்கும் சேதம் விளைவித்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சி டச்சுக்காரர் வசமானதும் ஆலயம் மீண்டும் சீரமைக்கப்பட்டது. 1968-இல் நடந்த நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அஞ்சல்துறை அதன் உட்புறத்தைக் காட்டும் தபால்தலை வெளியிட்டது.

இந்தியாவில் யூதர்கள் எந்தத் துன்பமும் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று சொல்லி, நடையை இந்த ஆலயத்தோடு முடித்துவிடுகிற வழிகாட்டிகள் உண்டு. அரசர்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. ஆனால் தெருவுக்குள்ளேயே ஒரு சாதிப் பாகுபாடு இருந்தது. பரதேசிகள் தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டு, எண்ணிக்கையில் மிகுந்தவர்களும் காலத்தால் மூத்தவர்களுமான மலபார் யூதர்களோடு மணஉறவு வைக்கவில்லை. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் 'மெசுக்ராரிம்' என்ற, அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர். ஆலயத்துக்குள் இருக்கையில் உட்காரவோ தோராவை வாசிக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சேலம் இதை எதிர்த்து, காந்தியின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். வைக்கம் போராட்டம் நடந்த கேரளத்தில் இது அதோடு சேர்த்து நினைக்கவேண்டிய போராட்டம். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1967-இல் மறைந்த அவரை 'யூத காந்தி' என்று அழைப்பார்கள். ஆலயத்தின் ஓடுகளைக் காட்டுபவர் சேலம் நடத்திய போராட்டத்தையும் சொல்லாவிட்டால் அந்த நடை பாதிதான்.

ஆகவே மலபார் யூதர்களின் ஆலயங்கள் இருந்த தெற்கு நோக்கியும் நடக்கவேண்டும். தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கின்றன; ஜன்னல் கம்பிகளில் அங்கங்கே ஆறுமுனை நட்சத்திரம். கீழே கடையும் கிடங்கும், மேலே குடித்தனம். சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை ஒரு காலத்தில் தெருவை விட்டு அகன்றதே இல்லை. 1957-இல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகச் சங்கம் இயங்கியதும் இந்தத் தெருவில்தான். இன்று அந்தக் கிடங்குகளில் பெரும்பாலும் பழம்பொருள் கடைகள். அவற்றுக்கிடையே, பூத்தையல் துணி விற்ற சாரா கோஹனின் கடை இருக்கிறது. அவர் 2019-இல், 96 வயதில் மறைந்தார்.

தெருவின் நடுப்பகுதியில் மலபார் யூதர்களின் தெக்கும்பாகம் ஆலயம் இருந்தது, இடிக்கப்பட்டுவிட்டது. தென்கோடியில் கடவும்பாகம் ஆலயம். 16-ஆம் நூற்றாண்டு மரச்செதுக்கு வேலைக்குப் பேர்போன அதன் உட்புறம் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, 1995 முதல் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. கொச்சியில் எஞ்சிய வெறும் கட்டடம் கிடங்காகக் கிடந்து, 2019 மழையில் ஒருபகுதி சரிந்தது.

ஆட்கள் போனது அதற்கு முன்பே. 1948-இல் இஸ்ரேல் உருவானபின் சில ஆண்டுகளுக்குள் கொச்சியின் 2,000-க்கும் மேற்பட்ட யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். மலபார் யூதர்கள் ஊர்ஊராகக் கிளம்பினார்கள். பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளை எழுதிவைத்த நோட்டுப்புத்தகங்களையும் கூடவே எடுத்துப் போனார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் குடியிருப்பில் அவர்கள் வழிவந்தோர் இன்றும் வாழ்கிறார்கள். பரதேசிகள் பின்னர் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். பொது வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் கூடவேண்டும் என்பது யூத விதி. உள்ளூரில் அந்த எண்ணிக்கை தேறாமல் போய், வெளியூர்ப் பயணிகள் வந்தால் நிறைவதாயிற்று. ஆலயப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்த குயீனி ஹல்லேகுவா 2024-இல் காலமானார்.

சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் ஆலயம் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. மற்ற நாள்களில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகலாம். பாஸ்கர ரவிவர்மன் தந்த உரிமைகள் ரப்பானுக்கும், அவர் மக்களுக்கும், மருமக்களுக்கும், உலகும் சந்திரனும் உள்ளளவும் என்று செப்பேடு சொல்கிறது.