குற்றாலத் தலைக்குளியல்: எண்ணெய், சீயக்காய், ஷாம்பு ஆகியவற்றின் சேர்மானங்கள் – ஒரு வரலாற்று ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

முடி அடர்த்தி குறைவதைத் தடுப்பதாகக் கூறப்படும் மரபுவழிக் குளியல் பொருட்களையும் இன்றைய ஷாம்பு, கண்டிஷனர் ஆகியவற்றையும் குற்றாலத் தலைக்குளியல் வழக்கத்தை முன்வைத்து இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரு வகைப் பொருட்களும் அழுக்கை நீக்குதல், முடியின்மேல் பூச்சாகப் படிதல் என்னும் இரண்டு பணிகளையே செய்கின்றன என்பதும், ‘இயற்கை’, ‘வேதிப்பொருள்’ என்னும் எதிர்நிலை இவ்வொப்பீட்டிற்கு உதவுவதில்லை என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குற்றாலம், எண்ணெய்க் குளியல், சீயக்காய், ஷாம்பு, கண்டிஷனர், முடி உதிர்வு

முன்னுரை

குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவியாடச் செல்வோர், முதலில் தலையிலும் உடம்பிலும் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டோரும் அருவிக்கரைகளில் இருந்துள்ளனர். திருக்குற்றாலநாதர் கோயிலின் தல மரபிலும் தலைக்கான தைலம் இடம்பெறுகிறது. அகத்தியர் திருமாலின் திருமுடியில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்றும், அதனால் உண்டான தலைவலி நீங்க இறைவனுக்கு மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்றும் அம்மரபு கூறும். இன்று தென்காசி, குற்றாலம் கடைவீதிகளில் மூலிகைத் தைலமும் சீயக்காய்ப் பொடியும் ஷாம்பு பாக்கெட்டும் அருகருகே கிடைக்கின்றன. ‘முடி கொட்டாது, அடர்த்தியாக வளரும்’ என்னும் பேச்சு மூன்றுக்கும் பொதுவானது. இப்பேச்சைச் சேர்மானங்களின் செயலோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷாம்பு: சொல்லின் பயணம்

ஷாம்பு என்னும் சொல் மேலைநாட்டுப் பண்டத்தின் பெயராகக் கருதப்படினும், அதன் வேர் இந்தியாவில் உள்ளது. ‘அமுக்கு, பிடித்துவிடு’ என்னும் பொருளுடைய இந்திச் சொல்லே 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்தி, 1822இல் ‘ஷாம்பூயிங்’ பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அவர் குறித்தது உடம்பு பிடித்துவிடும் முறையையே. தலைமுடியைக் கழுவுதல் என்னும் பொருள் அதற்குப் பின்னரே நிலைபெற்றது. எனவே, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவோர் செய்துவந்ததே அச்சொல்லின் முதற்பொருளுக்கு நெருக்கமானது.

மரபுச் சேர்மானம்

கூந்தல் நீராட்டுப் பொருட்களைச் செயல்வகையால் பகுத்துக் கூறும் பழைய தமிழ்ச் சான்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் உள்ளது. மாதவியின் நீராட்டில் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் சுட்டப்படுகிறது. துவர் என்பது துவர்ப்புப் பொருள்; விரை என்பது மணப்பொருள். பொருட்களை வெறுமனே அடுக்காமல் பயன் நோக்கிப் பகுத்திருப்பது கருதத்தக்கது. எனினும், இது செல்வச் செழிப்புடைய ஒருத்தியின் நீராட்டு. எளிய மக்களின் வழக்கத்திற்கு இதனைச் சான்றாகக் கொள்ள இயலாது.

வீடுகளில் வழங்கிவரும் முறையையும் செயல்வகையால் மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, குளியலுக்கு முன் தேய்க்கும் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். இரண்டாவது, எண்ணெயையும் அழுக்கையும் நீக்கும் சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை மரத்தின் இலையாகிய அரப்பு ஆகியவை. இவற்றிலுள்ள சபோனின் நீரில் நுரைத்து எண்ணெய்ப் பசையைப் பிரிக்கிறது. மூன்றாவது, சீயக்காய்ப் பொடியோடு கலக்கும் வெந்தயம், செம்பருத்தி இலை, வடிகஞ்சி. இவற்றின் வழுவழுப்பும் மாவுச்சத்தும் முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து சிக்கலைக் குறைக்கின்றன. கண்டிஷனர் என்னும் பெயர் புதிதாயினும் அதன் பணி இங்கு முன்பே இருந்தது.

இன்றைய சேர்மானம்

ஷாம்புவில் சபோனினின் இடத்தைச் சோடியம் லாரெத் சல்பேட் போன்ற செயற்கைப் பரப்புச் செயலிகள் பெற்றுள்ளன. நுரையை மென்மையாக்கச் சேர்க்கப்படும் கோகாமிடோபுரோப்பைல் பீட்டெயின், தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து ஆக்கப்படுவது. கண்டிஷனரில் செட்டைல் ஆல்கஹால் முதலிய கொழுப்பு ஆல்கஹால்கள், டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன், நேர்மின் சுமையுடைய அம்மோனியச் சேர்மங்கள் ஆகியவை காணப்படும். கழுவிய முடியின் பரப்பு எதிர்மின் சுமையுடையதாதலால் நேர்மின் சேர்மங்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

இரண்டு முறைகளுக்கும் இடையிலுள்ள தெளிவான வேறுபாடு வரிசையில் உள்ளது. மரபு முறையில் எண்ணெய்க் காப்பு கழுவுதலுக்கு முன் வருகிறது. இன்றைய முறையில் பூச்சு கழுவிய பின் வருகிறது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முயற்சியும், 1983இல் அவர் மகன் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் இந்தியாவும், இப்புதிய முறையைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றதில் பெரும்பங்கு வகித்தன. பின்னர் அதே நிறுவனம் ‘மீரா’ என்னும் பெயரில் சீயக்காய்ப் பொடியையும் விற்றது. ஆகவே, மரபும் சந்தையும் எதிரெதிரே நின்றன என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

முடி அடர்த்தி: கூற்றும் சான்றும்

முடி நாரின் சிதைவும் முடிவேரின் தளர்ச்சியும் வெவ்வேறானவை. தலைக்கு வெளியே தெரியும் நார் உயிரற்றது. புதுமுடி வளர்வது தோலுக்குள் உள்ள வேரில். மேலே கண்ட சேர்மானங்களில் பெரும்பாலானவை நாரின்மேல் மட்டுமே செயல்படுபவை. உராய்வு குறைவதால் முடி முறிவது குறையலாம். படலத்தால் முடி தடித்துத் தோன்றலாம். இதனை முடி வளர்ச்சியாகக் கொள்வதே பிழை. ஷாம்புவில் சேர்க்கும் பயோட்டின் முடியை வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பரம்பரை வழுக்கைக்குப் பூசும் மருந்தாக மினாக்சிடில் 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது மருந்தேயன்றிக் குளியல் பொருளன்று.

எண்ணெய் தொடர்பாக 2003இல் வெளிவந்த ரேலே, மொகிலே ஆகியோரின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைத்ததையும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு குறைக்காததையும் அது காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கருத்திற்கொண்டே இம்முடிவைக் கொள்ளவேண்டும். மேலும், இது நார் பற்றிய முடிவு. நல்லெண்ணெய்க்கோ முடிவேருக்கோ இதனை நீட்டிக்க இயலாது. ‘எண்ணெய்’ என்னும் ஒரே சொல்லில் எல்லா எண்ணெய்களையும் அடக்குவது ஆய்வு நெறியன்று.

இந்திய மருந்து விதிகளின் (1945) ‘ஜெ’ அட்டவணை, குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கோரக்கூடாத நிலைகளில் வழுக்கையையும் புதுமுடி வளர்ச்சியையும் சேர்த்துள்ளது. கடைவீதிப் பேச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி இதனால் விளங்கும்.

அருவியும் தடையும்

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றின் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. மரபாகிய எண்ணெயும் புதியதாகிய ஷாம்புவும் இங்கு ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. அருவி நீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலப்பதால், கரைவது எதுவாயினும் ஆற்றையே சேரும். மூலிகை என்பதால் சீயக்காய்க்கு விலக்குக் கோரவும் இயலாது. சபோனின் மீன்களுக்கு நஞ்சாகக்கூடியது. அதே வேளையில், எண்ணெய் தேய்த்துவிடுவோரின் வாழ்வாதாரத்தை இத்தகைய தடை நேரடியாகத் தொடுகிறது. மரபைப் போற்றும் எழுத்துகள் மூலிகைகளின் பெயர்களைப் பதிவுசெய்த அளவுக்கு இவர்களின் உழைப்பைப் பதிவுசெய்யவில்லை.

முடிவுரை

மரபுப் பொருட்களும் இன்றைய பொருட்களும் ஒரே இரண்டு பணிகளை வெவ்வேறு வரிசையில் செய்கின்றன. முடியின் நாரைக் காப்பதில் இரண்டுக்கும் பயனுண்டு. அடர்த்தியை மீட்பதாக இரண்டின் பெயராலும் கூறப்படுவது சான்றைக் கடந்தது. மரபின் சிறப்பை நிறுவ அதற்கில்லாத மருத்துவப் பயனை ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. குற்றாலக் குளியலை ஆராய்வோர் சேர்மானத்தோடு அதனைத் தேய்த்த கைகளையும் அது கலந்த நீரையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். அருவிக்கரைத் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.