சுற்றுலா பஸ்ஸுக்கு எத்தனை வேகம்?

காரைக்காலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய சுற்றுலா பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அரை மணி நேரத்தில் மாநில எல்லை வந்துவிடும். வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர், அதற்கப்பால் தமிழ்நாடு. சொந்த ஒன்றியப் பிரதேசத்தின் தலைநகரான புதுச்சேரிக்குப் போவதென்றாலும் மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைக் கடந்துதான் போக வேண்டும். பிஒய்-02 என்று பதிவெண் தாங்கிய வண்டி ஒரே நாளில் இரண்டு அரசுகளின் சாலைகளில் ஓடுகிறது. அதில் ஏறும் பிள்ளைகளை எந்த வேகத்தில், எந்த நேரத்தில் அழைத்துப் போகலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விபத்து காரணமாக இருந்திருக்கிறது.

1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த காரைக்காலுக்கு 1898இல் பேரளத்திலிருந்து ரயில் வந்தது. திருநள்ளாறு வழியாக ஓடிய அந்தப் பாதை 1980களில் மூடப்பட்டது. நாகூரிலிருந்து அகலப்பாதை வந்து சேர்ந்தது 2011 டிசம்பரில்தான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரின் பிள்ளைகளுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலானாலும், பூம்புகாரானாலும், கோடியக்கரையானாலும் சாலை ஒன்றுதான் வழி. கல்விச் சுற்றுலா என்றால் பஸ் என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது. ரயில் வந்த பிறகும் அது மாறவில்லை.

வேக வரம்பின் கதை இந்த ஊருக்கு இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. பிரான்ஸ் 1899ஆம் ஆண்டின் ஆணை ஒன்றால் மோட்டார் வண்டிகளுக்கு வெளிச்சாலையில் மணிக்கு 30 கி.மீ., ஊருக்குள் 20 கி.மீ. என்று வரம்பு வைத்தது. எல்லைக்கு அந்தப்புறம் பிரிட்டிஷ் இந்தியா 1914இல் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தையும் 1939இல் விரிவான இரண்டாவது சட்டத்தையும் கொண்டுவந்தது. 1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1962இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அதன்பின் காரைக்கால் சாலைகளும் இந்தியச் சட்டத்தின் கீழ் வந்தன.

ஆனால் குழந்தைகள் கூட்டமாகப் போகும் நெடும்பயணத்துக்கென்று தனி விதி தேவை என்ற பாடத்தை உலகுக்குக் கற்பித்தது பிரான்ஸில் நடந்த ஒரு துயரம். 1982 ஜூலை 31, நள்ளிரவு தாண்டிய நேரம். பாரிஸுக்கு வடக்கே உள்ள கிரெப்பி ஆன் வாலுவா என்ற சிற்றூரிலிருந்து ஆல்ப்ஸ் மலைப் பகுதிக் கோடை முகாமுக்குப் பிள்ளைகளை ஏற்றிய பஸ்கள் போன் நகரருகே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. மழை. விடுமுறை தொடங்கும் நாள் என்பதால் சாலை நிறைய வண்டிகள். முன்னால் போக்குவரத்து சட்டென்று மெதுவானபோது பஸ்கள் கார்களின் மீது மோதித் தீப்பற்றின. 53 பேர் இறந்தார்கள். அவர்களில் 44 பேர் அந்த முகாமுக்குக் கிளம்பிய குழந்தைகள்.

அதற்குப் பிறகு பிரான்ஸ் எடுத்த முடிவு எளிமையானது. விடுமுறைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாளில் குழந்தைகள் குழுக்களை பஸ்ஸில் நெடுந்தூரம் அழைத்துப் போகக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை அரசு முன்கூட்டியே அறிவிக்கிறது.

இந்தியா இதே பாடத்தை 1997இல் கற்றது. நவம்பர் 18 அன்று டெல்லி வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளி பஸ் ஒன்று யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டே நாளில் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் டெல்லிக்கு உத்தரவிட்டது. கனரக வண்டிகளுக்கு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டவிடாத கருவி வேண்டும்; அதிவேகத்துக்காக வழக்கு வாங்கிய ஓட்டுநரிடம் பள்ளிப் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. பள்ளிக்குச் சொந்தமான பஸ்ஸோடு பள்ளி வாடகைக்கு எடுக்கும் பஸ்ஸையும் நீதிமன்றம் சேர்த்தே சொன்னது. இது கவனிக்க வேண்டிய இடம்.

டெல்டா கடற்கரையின் காயம் இன்னும் அருகில் இருக்கிறது. 2009 டிசம்பர் 3 அன்று வேதாரண்யம் பகுதியில் பள்ளி வேன் ஒன்று குளத்தில் கவிழ்ந்து ஒன்பது குழந்தைகளும், அவர்களைக் காப்பாற்ற முயன்ற இளம் ஆசிரியையும் இறந்தார்கள். சாலையோரம் குளம், தடுப்புச் சுவர் கிடையாது. காரைக்கால் வட்டாரத்தில் பிறந்த யாருக்கும் அந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கம் பள்ளி பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாடு பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வகுத்தது.

2015இல் மத்திய அரசு வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான அளவை நாடு முழுவதற்கும் நிர்ணயித்தது. பொதுவாகப் பயணிகள், சரக்கு வண்டிகளுக்கு 80 கி.மீ.; பள்ளி பஸ்ஸுக்கு 60 கி.மீ. ஓட்டை இங்கேதான் விழுந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கல்வி நிறுவனப் பேருந்து என்று சொல்வது, அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான வண்டியை. சுற்றுலாவுக்கு வாடகைக்கு வரும் டூரிஸ்ட் பஸ் அந்த வரையறைக்குள் வராது. தினமும் வீட்டுக்கும் பள்ளிக்கும் சில கிலோமீட்டர் போகும்போது 60இல் கட்டப்பட்டிருக்கும் அதே பிள்ளை, முன்பின் தெரியாத சாலையில் இரவெல்லாம் பயணம் போகும்போது 80இல் போகிறது.

அந்த வேறுபாடு சிறிதன்று. 60இல் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். 80இல் ஓடுவது 22 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 60இல் இருந்து 80க்கு ஏறினால் அந்தத் தூரம் முக்கால் பங்குக்கு மேல் அதிகமாகிறது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில்தான் பள்ளிகளின் சுற்றுலாவும் சூடுபிடிக்கிறது. அப்போது பாதிச் சாலையில் நெல் காய்கிறது. பின்விளக்கு எரியாத டிராக்டர் முன்னால் போகிறது. வளைவு தாண்டியதும் குறுகலான வாய்க்கால் மதகு வருகிறது. அங்கே ஐந்து மீட்டர் என்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

2022 அக்டோபர் 5 இரவு கேரளத்தில் இந்த அபாயம் உண்மையாகவே நடந்துவிட்டது. எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி ஒன்றின் மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசு பஸ்ஸின் பின்புறம் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசு பஸ் பயணிகள் மூவர் என ஒன்பது பேர் இறந்தார்கள். பஸ் அப்போது 97 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடியது விசாரணையில் தெரிந்தது. அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருந்தார்கள். வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் எரிபொருளைக் குறைக்கும் கருவி அது. சீலை உடைத்து மாற்றிவிட்டால் கருவி பெயருக்கு மட்டும் இருக்கும். விபத்துக்குப் பின் கேரளம், சுற்றுலாவுக்கு முன்பே போக்குவரத்துத் துறையிடம் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும், இரவுப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பள்ளிகளிடம் கண்டிப்பு காட்டியது.

இதற்கிடையே விழுப்புரத்திலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை நான்கு வழிச் சாலை உருவாகிறது. பிரிக்கப்பட்ட நான்கு வழிச் சாலையில் பஸ்ஸுக்கு 2018ஆம் ஆண்டின் மத்திய அறிவிப்பு தரும் உச்ச வரம்போ, கருவியின் 80ஐயும் தாண்டி, 90 கி.மீ. சாலை நன்றாக ஆக ஆக வேகம் கூடத்தான் செய்யும்.

அதனால் காரைக்கால் பள்ளிகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாடகைக்கு எடுக்கும் பஸ்ஸுக்கும் 60 கி.மீ.தான் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓடாதபடி பயணத் திட்டத்தை வகுத்து, தூரம் கூடினால் ஒரு நாள் தங்கலாம். புறப்படும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, கருவியின் சீலைச் சரிபார்க்கச் சொல்லலாம். பெற்றோரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன், பஸ் எத்தனை வேகத்தில் ஓடும், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கலாம்.