சர்க்கரைக்கொல்லி

திருவண்ணாமலை நாட்டு மருந்துக் கடைகளில் சிறுகுறிஞ்சான் பொடி கேட்டு வருவோரில் நீரிழிவு நோயாளிகளே அதிகம். இதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதனால் வந்ததே.

இந்த விந்தையை ஆராய்ந்தவர், உதகமண்டலத்தில் அரசின் சின்கோனா வேதியியல் நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பர். 1887-இல் அவர் இலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அது நாவிலுள்ள இனிப்பு ஏற்பிகளைச் சிறிது நேரம் மறித்துவிடுகிறது. ஆனால் நாவில் இனிப்பு மறைவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு அல்லவா?

சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலார் இ. ஆர். பி. சண்முகசுந்தரம் குழுவினர் இரண்டாவதை ஆராய்ந்து 1990-இல் முடிவை வெளியிட்டனர். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 27 நோயாளிகளுக்கு, நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச் சத்தும் தரப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. இன்சுலின் தேவையும் குறைந்தது. இரத்தக் கொழுப்பு ஏறக்குறைய இயல்பு நிலைக்கு வந்தது. இன்சுலின் மட்டும் பெற்றவர்களிடம் கொழுப்பு அவ்வாறு இறங்கவில்லை.

நல்ல தொடக்கம்தான். எனினும் 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தைக்கூட ஒருமுறை அளந்ததோடு மாணவரை நாங்கள் விடுவதில்லை! மேலும், சத்து இன்சுலினுக்குத் துணையாகவே தரப்பட்டது, மாற்றாக அல்ல. கடைப் பொடியிலோ அமிலத்தின் அளவு இலைக்கு இலை மாறும். அதை நம்பி முதல் வகை நீரிழிவு நோயாளி இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துக்கொண்டால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம்.